வகுப்பறையில் கணினித் திரை: எங்கே பலன் தருகிறது, எங்கே பாடத்தைப் பறிக்கிறது?

புதுதில்லி: நாட்டிலுள்ள பள்ளிகளில் கணினி வசதி கொண்டவை 64.7 சதவீதம், இணைய வசதி கொண்டவை 63.5 சதவீதம் என மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25ஆம் கல்வியாண்டுக்கான யூடைஸ் பிளஸ் அறிக்கை தெரிவிக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் இணைய வசதி 53.9 சதவீதப் பள்ளிகளில் மட்டுமே இருந்தது. ஓராண்டுக்குள் இத்தகைய உயர்வு ஏற்பட்டிருப்பது சிறிய செய்தியன்று.

இந்த வேகம் மேலும் கூடும் என்பதற்கான அறிகுறிகளும் உள்ளன. கிராமப்புறங்களில் உள்ள அனைத்து அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் பாரத்நெட் திட்டத்தின் கீழ் அகன்ற அலைவரிசை இணைப்பு வழங்கப்படும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 அடல் புத்தாக்க ஆய்வகங்கள் அமைக்கப்படும் என்பதும் அதே அறிக்கையில் இடம்பெற்றது. செயற்கை நுண்ணறிவும் கணினி வழிச் சிந்தனையும் 2026-27ஆம் கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே அறிமுகம் செய்யப்படும் என்று கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் தெரிவித்தது.

மூன்றாம் வகுப்பு என்றதும் இன்னொரு எண்ணையும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது. கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தைகளில், இரண்டாம் வகுப்பு நிலையிலான ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம் பேர் மட்டுமே என 2024ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை கூறுகிறது. நான்கு குழந்தைகளில் ஒருவர் கூட இல்லை. இந்தக் குழந்தைகளின் பள்ளி நேரத்தில் ஒரு பகுதியைத் திரையின் முன் செலவிடச் சொல்லும்போது, அந்த நேரம் அவர்களுக்கு வாசிப்பைக் கற்றுத் தருமா அல்லது வாசிப்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரத்தையே எடுத்துக்கொள்ளுமா என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு ஊகத்தில் விடை தேட வேண்டியதில்லை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தியப் பள்ளிகளிலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. கணினி வழிக் கற்றல் குறித்து உலக அளவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் சில குஜராத்திலும் தில்லியிலும் நடந்தவை.

ஒரே மென்பொருள், நேர் எதிரான முடிவுகள்

குஜராத்தில் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளுக்காகக் குறைந்த செலவில் பள்ளிகளை நடத்திவரும் ஞான் ஷாலா என்ற தொண்டு நிறுவனத்தின் வகுப்புகளில், பொருளியல் அறிஞர் லீ லிண்டன் ஓர் ஆய்வை மேற்கொண்டார். இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கான கணிதப் பயிற்சி மென்பொருள் அதில் இருவிதமாகப் பயன்படுத்தப்பட்டது. ஒரு முறையில், பள்ளி நேரத்தில் வழக்கமான பாடத்துக்குப் பதிலாகக் குழந்தைகள் கணினியின் முன் அமர்ந்தனர். மற்றொரு முறையில், வழக்கமான பாடம் முழுமையாக நடந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கணினிப் பயிற்சி அளிக்கப்பட்டது.

2008ஆம் ஆண்டு வெளியான முடிவுகள் வியப்பூட்டின. கூடுதல் பயிற்சியாகக் கணினியைப் பயன்படுத்தியவர்களின் கணித மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தியவர்களின் மதிப்பெண்ணோ 0.57 திட்ட விலக்கம் சரிந்தது.

திட்ட விலக்கம் என்ற புள்ளியியல் அளவை எளிதாக இப்படிப் புரிந்துகொள்ளலாம். நூறு மாணவர்களை மதிப்பெண் வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்துவதாகக் கொள்வோம். நடுவில், அதாவது ஐம்பதாவது இடத்தில், ஒரு மாணவர் நிற்கிறார். 0.28 உயர்வு என்பது அவரை ஏறத்தாழ 61ஆவது இடத்துக்குக் கொண்டுசெல்லும். 0.57 சரிவு என்பது அவரை 28ஆவது இடத்துக்கு இறக்கிவிடும். மென்பொருளும் பள்ளிகளை நடத்திய நிறுவனமும் மாறவில்லை. மாறியது கால அட்டவணையில் கணினிக்கு ஒதுக்கப்பட்ட இடம் மட்டுமே.

சரிவுக்கான காரணமும் விளங்கக்கூடியதே. ஞான் ஷாலாவின் வகுப்புகள் ஏற்கெனவே கட்டுக்கோப்பாக நடந்துவந்தவை. ஆசிரியர் என்ன கற்பிக்க வேண்டும், எந்த வரிசையில் கற்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே வகுக்கப்பட்டிருந்தன. அத்தகைய பாடத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் கணினி விளையாட்டை வைத்தபோது குழந்தைகள் இழந்தது அதிகம், பெற்றது குறைவு. பாடமே ஒழுங்காக நடக்காத ஒரு பள்ளியில் இதே மாற்றம் வேறு விளைவைத் தந்திருக்கலாம். கணினிக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் கணக்கிடாமல் அது நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை என்பதை இந்த ஆய்வு போல் தெளிவாகக் காட்டியது வேறொன்றில்லை எனலாம்.

வதோதராவின் செலவுக் கணக்கு

இதே மாநிலத்தின் வதோதரா நகரில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த மற்றோர் ஆய்வு, செலவு என்ற கோணத்தைச் சேர்க்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் ஆகியோர் நடத்திய இந்த ஆய்வு 2007இல் வெளியானது. இவர்களில் முதல் இருவரும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, வதோதராவின் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு, பள்ளிக்கு நான்கு கணினிகள் வீதம் மாநில அரசு வழங்கியிருந்தது. ஆனால் அவற்றில் மிகச் சிலவே குழந்தைகளின் பயன்பாட்டில் இருந்ததாகப் பிரதம் தொண்டு நிறுவனம் கண்டறிந்தது. கணினிகளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர, பிரதம் பயிற்றுநர்களை நியமித்தது. நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணித விளையாட்டுகள் வழியே பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு கணினியை இரு குழந்தைகள் பகிர்ந்துகொண்டனர். இரண்டாம் ஆண்டு முடிவில் கணித மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்திருந்தது. நடுவில் நின்ற மாணவர் 68ஆவது இடத்துக்கு வந்துவிட்டார் என்று பொருள்.

இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தியிருந்தால், கணினிக்கு ஆதரவான மிக வலுவான சான்றாக இது அமைந்திருக்கும். அதே ஆய்வின் மற்ற இரண்டு பகுதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்தபோது, அந்த உயர்வில் ஏறத்தாழ 0.1 மட்டுமே எஞ்சியிருந்தது. தொடர் பயிற்சி இல்லாத நிலையில், கற்றதில் பெரும்பகுதி கரைந்துபோனது.

இரண்டாவது, ஒப்பீடு. அதே ஆய்வில் பால்சகி என்ற திட்டமும் சோதிக்கப்பட்டது. அப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், படிப்பில் பின்தங்கிய குழந்தைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்துச் சென்று, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்றுத் தந்தனர். இதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இத்திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. கணினித் திட்டத்தைவிட இது குறைவுதான். ஆனால் கணினித் திட்டத்துக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 15 டாலர் செலவானது. பால்சகிக்கு ஆனது 2.25 டாலர். ஒரு குழந்தைக்குக் கணினிப் பயிற்சி தரும் செலவில் ஆறு குழந்தைகளுக்கு ஒரு பால்சகியின் கவனத்தைத் தந்திருக்கலாம். கணினியின் விலை அதன் பின்னர் வெகுவாகக் குறைந்துவிட்டது; எனவே அந்த விகிதம் இன்று அப்படியே பொருந்தாது. எனினும் எந்தக் கருவியை வாங்கும்போதும் இதே பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கணக்கிட வேண்டும் என்பது இன்றும் மாறவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதன் அண்மைக்கால உதாரணம் தெரிந்ததே. பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் குடியிருப்புகளுக்கு அருகிலேயே குழந்தைகளுக்குக் கற்பித்தனர். பள்ளிகள் மீண்டும் திறந்த பிறகு குழந்தைகள் ஈடுசெய்த கற்றல் இழப்பில் ஏறத்தாழ கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்தது என்று அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

கருவியால் மட்டுமே இயலும் வேலை

அப்படியானால் கணினி தேவையில்லையா? கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஜாண்ட்ரோ கானிமியன் ஆகியோர் தில்லியில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, அந்த முடிவுக்கு அவசரமாக வந்துவிட வேண்டாம் என்கிறது.

ஆய்வில் பங்கேற்ற அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்களின் தொடக்க நிலையை முதலில் அளந்தபோதே அதிர்ச்சி காத்திருந்தது. ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஒன்பதாம் வகுப்பை எட்டும்போது இந்த இடைவெளி நான்கரை வகுப்பாக விரிந்திருந்தது. அதாவது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவர் உண்மையில் ஐந்தாம் வகுப்பை ஒட்டிய நிலையில் இருந்தார். அதைவிடக் கடினமான செய்தி, ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கிடையே பல வகுப்புகளின் வேறுபாடு இருந்தது என்பது.

ஆசிரியரின் இடத்தில் நின்று இதைப் பார்க்க வேண்டும். நாற்பது மாணவர்கள் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். சிலருக்குப் பின்னம் தெரியும். சிலருக்கு வகுத்தலே வராது. ஆண்டு இறுதிக்குள் முடிக்க வேண்டிய பாடநூல் மேசையில் இருக்கிறது. எவ்வளவு திறமையான ஆசிரியராக இருந்தாலும், நாற்பது பேருக்கும் அவரவர் நிலையில் நாற்பது வெவ்வேறு கணக்குகளைக் கொடுத்து, ஒவ்வொருவரின் விடையையும் திருத்தி, அந்தத் தவற்றுக்கேற்ற அடுத்த கணக்கை அதே நாற்பது நிமிடத்துக்குள் தர இயலாது. கணினியால் இயலும். தகவமைவுக் கற்றல் எனப்படும் மென்பொருள்கள் செய்வது இதைத்தான். மாணவர் எந்தப் படிநிலையில் இருக்கிறார் என்று முதலில் சோதிக்கின்றன, அங்கிருந்தே தொடங்குகின்றன, விடை தவறினால் எந்த இடத்தில் தவறியது என்று கண்டு அதற்கேற்ற பயிற்சியைத் தருகின்றன.

தில்லி ஆய்வில் பயன்படுத்தப்பட்ட மைண்ட்ஸ்பார்க் அத்தகைய மென்பொருள். பள்ளி நேரத்துக்குப் புறம்பாக இயங்கிய மையங்களில், ஒரு பாதி நேரம் கணினியிலும் மறுபாதி நேரம் ஆசிரியருடன் சிறு குழுவிலும் மாணவர்கள் படித்தனர். மையத்தில் சேர்வதற்கான இலவச வாய்ப்பு குலுக்கல் முறையில் வழங்கப்பட்டது. நான்கரை மாதங்களில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் உயர்வு காணப்பட்டது. கணிதத்தில் நடு மாணவர் 64ஆவது இடத்துக்கு வந்தார். வாய்ப்புப் பெற்றவர்கள் சராசரியாக ஏறக்குறைய 60 சதவீத நாட்களே மையத்துக்கு வந்திருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முன்னேற்றத்தின் அளவு புரியும். குலுக்கலில் இடம் கிடைக்காமல் பள்ளியை மட்டும் நம்பியிருந்தவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அதே காலத்தில் எந்த முன்னேற்றமும் அடையவில்லை. பாடம் அவர்களின் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. மையங்களில் மாணவர்கள் அடைந்த கணித முன்னேற்றம், அவர்களின் பள்ளித் தேர்வு மதிப்பெண்ணில் பெரிதாகத் தென்படவில்லை. ஏழாம் வகுப்பு மாணவர் நான்காம் வகுப்புக் கணக்கிலிருந்து ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு முன்னேறியிருந்தாலும், ஏழாம் வகுப்பு வினாத்தாள் அதைக் கேட்பதே இல்லை. திட்டத்தின் பலனைப் பள்ளித் தேர்வை மட்டும் வைத்து அளக்கும் கல்வித்துறை அதிகாரி, உண்மையில் பயன் தந்த ஒன்றைப் பயனற்றது என்று மூடிவிடக்கூடும்.

கருவியால் மட்டுமே இயலும் வேலைகள் வேறு சிலவும் உள்ளன. கேள்வித்திறன் குறைந்த குழந்தைகளுக்காக இந்திய சைகை மொழியில் ஒளிபரப்பாகும் பிஎம் இ-வித்யா அலைவரிசை 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது. என்சிஇஆர்டி பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்றும் பணிக்கான ஒப்பந்தம் 2020இலேயே கையெழுத்தானது. சைகை மொழி அறிந்த ஆசிரியர் இல்லாத ஊரில் படிக்கும் குழந்தைக்கு, இதனுடன் ஒப்பிட அச்சுப் புத்தகத்தில் ஏதுமில்லை. எழுத்தை ஒலியாக்கித் தரும் செயலிகள் பார்வையற்ற மாணவர்களுக்கு அதே அளவில் உதவுகின்றன. ஆய்வகம் இல்லாத பள்ளியில் அமிலக் காரச் சோதனையைத் திரையில் செய்துபார்ப்பதும், இதயம் துடிப்பதை அசையும் படமாகக் காண்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. சோதனைக் குழாயைக் கையில் பிடிப்பதற்கு அவை ஈடாகா என்பது வேறு விஷயம்.

வீட்டில் இருக்கும் கைப்பேசி யாருடையது?

பெருந்தொற்றுக் காலம் இந்த விவாதத்தின் போக்கையே மாற்றியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் பல மாநிலங்களில் ஓராண்டுக்கும் மேலாகத் திறக்கப்படவில்லை. 2017 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கப்பட்ட திக்ஷா தளமும், பாடநூல்களில் அச்சிடப்பட்ட க்யூஆர் குறியீடுகளும், தொலைக்காட்சிப் பாடங்களும் அப்போது வகுப்பறையின் இடத்தைப் பிடித்தன. வேறு வழியில்லாத காலத்தில் அவை ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

கிராமப்புறக் குடும்பங்களில் ஸ்மார்ட்போன் பரவிய வேகத்தை ஏசர் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. 2018இல் 36.5 சதவீதமாக இருந்தது 2021இல் 67.6 சதவீதமானது. ஆனால் 2021ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே இன்னொரு தகவலும் இருந்தது. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தும், அதைப் பயன்படுத்தவே முடியாத குழந்தைகள் 26.1 சதவீதம் பேர். காலையில் தந்தையுடன் வேலைக்குச் சென்றுவிடும் கைப்பேசி, மாலையில் திரும்பும்போது பாட நேரம் முடிந்திருக்கும்.

2024ஆம் ஆண்டின் அறிக்கை 14 முதல் 16 வயது வரையிலானவர்களிடம் இதை விரிவாகக் கேட்டது. ஏறத்தாழ 90 சதவீதம் பேரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. 82.2 சதவீதம் பேருக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அவர்களில், முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகக் கைப்பேசி வைத்திருந்த சிறுவர்கள் 36.2 சதவீதம், சிறுமிகள் 26.9 சதவீதம்.

கடைசி இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி, கருவி வழி வீட்டுப்பாடம் தரும் ஒவ்வோர் ஆசிரியரும் கவனிக்க வேண்டியது. காணொலியைப் பார்த்துவிட்டு வா என்று வகுப்பில் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு வரி, அண்ணனிடம் கைப்பேசியைக் கேட்டுப் பெற வேண்டிய தங்கைக்கு வேறு பொருள் தருகிறது. கருவியைப் பள்ளிக்குள்ளேயே வைத்து, பள்ளி நேரத்தை ஒட்டியே பயன்படுத்துவது இந்த ஒரு காரணத்துக்காகவேனும் மேலானது.

மாணவர்கள் தங்கள் கைப்பேசியைப் பள்ளிக்கு எடுத்துவருவது குறித்துத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் நடுநிலையான ஒரு நிலைப்பாட்டை எடுத்தது. முற்றிலும் தடை செய்வது விரும்பத்தக்கதும் அல்ல, நடைமுறைக்கு உகந்ததும் அல்ல என்று கூறிய நீதிமன்றம், வகுப்பறையில் அதன் பயன்பாட்டை அனுமதிக்கக் கூடாது, இயன்ற இடங்களில் பள்ளிக்கு வந்ததும் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் ஏற்பாடு வேண்டும் என வழிகாட்டுதல்களை வகுத்தது.

ஆறாம் ஆண்டில் என்ன நடக்கும்?

கல்வியில் புதிய கருவியின் மீது நம்பிக்கை வைப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியுடன் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி கொண்டுசெல்லப்பட்டது. 1984இல் பள்ளிகளுக்குக் கணினி அறிவை அளிக்கும் கிளாஸ் திட்டம் வந்தது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2010இல் அதன் பணி முடிவுக்கு வந்தது. ஒவ்வொன்றும் தத்தம் காலத்தில் கல்வியின் முகத்தை மாற்றும் எனக் கருதப்பட்டவையே.

இன்றைய திட்டத்தின் நிதி விதிகளைப் பார்ப்போம். சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் ஒரு பள்ளியில் கணினி ஆய்வகம் அமைக்க ஒருமுறை நிதியாக 6.40 லட்சம் ரூபாய் வரையிலும், அதை நடத்த ஆண்டுதோறும் 2.40 லட்சம் ரூபாய் வரையிலும் வழங்கப்படுகிறது. இந்த ஆண்டு நிதி ஐந்து ஆண்டுகளுக்கானது. கணினியின் மின்கலமும் வன்தட்டும் பழுதாகத் தொடங்குவதும், மென்பொருள் பழையதாகிவிடுவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். பூட்டிக் கிடக்கும் கணினி அறைகள் உருவாவதற்கு ஆசிரியர்களின் ஆர்வமின்மையை மட்டும் காரணம் காட்டுவது நியாயமாகாது. கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் தலைமை ஆசிரியரின் நிலையும் புரிந்துகொள்ளத்தக்கதே.

இதில் கேரளத்தின் அனுபவம் தனித்து நிற்கிறது. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. சுமார் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் வழங்கப்பட்டன. உரிமக் கட்டணம் இல்லாத கட்டற்ற மென்பொருளையே அம்மாநிலம் தொடக்கத்திலிருந்து பெரிதும் பயன்படுத்திவருகிறது. ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி அளிக்கப்படுகிறது. லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களில் மாணவர்களே கருவிகளைக் கையாளவும் பராமரிக்கவும் கற்கின்றனர். 2020 அக்டோபரில் பொதுக்கல்வியை முழுமையாக எண்ம மயமாக்கிய முதல் மாநிலமாகக் கேரளம் தன்னை அறிவித்துக்கொண்டது. கருவிகள் இயங்குகின்றன என்பதாலேயே குழந்தைகள் அதிகம் கற்கிறார்கள் என்று ஆகிவிடாது. ஆயினும் கருவியை வாங்குவதற்கு முன்பே அதைப் பேணும் அமைப்பை உருவாக்கியதில் மற்ற மாநிலங்களுக்குப் பாடம் உண்டு.

மடிக்கணினி, கைக்கணினி போன்றவற்றை மட்டும் வாங்கித் தந்துவிட்டு மற்றவற்றை மாற்றாமல் விடுவதை, வளரும் நாடுகளின் கல்விச் செலவுகளில் பயனற்ற முதலீடுகளின் பட்டியலில் உலக வங்கி, யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளின் ஆதரவுடன் இயங்கும் வல்லுநர் குழு வைத்துள்ளது. அபிஜித் பானர்ஜியும், பிரதம் அமைப்பின் ருக்மிணி பானர்ஜியும் அக்குழுவில் இடம்பெற்றவர்கள். மாணவரின் வகுப்பைப் பாராமல் கற்றல் நிலையைப் பார்த்துக் கற்பிக்கும் முறையை அதே குழு நல்ல முதலீடாகக் கருதுகிறது. அதைக் கணினி வழியாகவும் செய்யலாம், கணினி இல்லாமலும் செய்யலாம்.

திரை திரும்பிப் பார்க்கிறது

புத்தகத்துக்கும் செயலிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. புத்தகம் தன்னைப் படிப்பவரைப் பற்றி எதையும் குறித்துக்கொள்வதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளில் பயன்படுத்தப்பட்ட 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, அவற்றில் 89 சதவீதம் குழந்தைகளின் தனியுரிமைக்கு ஊறு விளைவிக்கும் வகையில் தரவுகளைக் கையாண்டதாக அல்லது கையாளக்கூடியதாக 2022இல் தெரிவித்தது. குழந்தைகளின் இருப்பிடத் தகவல் தொடர்பாக திக்ஷா செயலி குறித்தும் அந்த அமைப்பு கேள்வி எழுப்பியிருந்தது.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளன. விதியை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். எனினும் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், கல்விப் பணிக்காகவும் மாணவர்களின் பாதுகாப்புக்காகவும் மேற்கொள்ளப்படும் கண்காணிப்புக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கின்றன. குழந்தைகள் தொடர்பான முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அறிவிக்கை வெளியானதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம் தரப்பட்டுள்ளது. அதாவது 2027 மே மாதம் வரை. அதுவரை, பள்ளி பரிந்துரைக்கும் செயலி எந்தெந்த அனுமதிகளைக் கேட்கிறது என்று பார்ப்பது பெரும்பாலும் பெற்றோரின் பொறுப்பாகவே இருக்கும். தாமே முதன்முறையாக ஸ்மார்ட்போன் பயன்படுத்தும் பெற்றோரிடம் இதை எதிர்பார்ப்பது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது.

மூன்றாம் வகுப்பின் கால அட்டவணை

செயற்கை நுண்ணறிவு பாடத்திட்டத்தை வகுக்க, சென்னை ஐஐடி பேராசிரியர் கார்த்திக் ராமன் தலைமையில் சிபிஎஸ்இ ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. ஆசிரியர்களுக்கு நிஷ்தா திட்டம் வழியாகப் பயிற்சி அளிக்கப்படும் என்று அமைச்சகம் கூறியுள்ளது. கணினி வழிச் சிந்தனை என்பதைக் கற்பிக்கத் திரையே தேவையில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஒரு சிக்கலைச் சிறு படிகளாகப் பிரிப்பது, வரிசையாக அறிவுறுத்தல் தருவது, கோலத்தில் மீண்டும் மீண்டும் வரும் அமைப்பைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றைச் சுண்ணாம்புக் கட்டியையும் புளியங்கொட்டையையும் வைத்தே எட்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தர முடியும்.

மாறாக, இதற்கென வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்பட்டு, குழந்தைகள் கணினி அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டால், அந்த இரண்டு பாடவேளைகள் எங்கிருந்து எடுக்கப்படும் என்பதைப் பள்ளிகள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். விளையாட்டு நேரத்திலிருந்தா, மொழிப்பாடத்திலிருந்தா, கணிதத்திலிருந்தா? ஞான் ஷாலா வகுப்பறைகளில் மதிப்பெண்ணை உயர்த்தியதும் சரித்ததும் இந்த ஒரு முடிவுதான். கால அட்டவணையைத் தயாரிப்பது தில்லியில் உள்ள அமைச்சகம் அன்று. அந்தந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் அமைக்கப்பட வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலர்களாகவோ இருக்க வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்தில் கூடும் முதல் கூட்டத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.